பிகில்: யார் கொடுத்த அனுமதி?

அட்லி இயக்கி 2019 தீபாவளிக்கு வெளியான ‘பிகில்’ நம்மில் பலர் கண்கலங்கப் பார்த்த படம். அதன் ‘சிங்கப்பெண்ணே’ பாடல் மகளிர் தின மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது. பெரிய நடிகர் ஒருவரின் படம் பெண்கள் கால்பந்து அணியைக் கதைக்குள் கொண்டுவந்தது சிறிய விஷயமல்ல. விளையாட்டை விட்டுப்போன பெண்கள் ஏன் போனார்கள் என்று அது கேட்கவும் செய்கிறது. சிக்கல், அது கண்டுபிடிக்கும் விடையில் இருக்கிறது.

காயத்ரி நல்ல ஆட்டக்காரி. திருமணத்துக்குப் பின் புகுந்த வீட்டுச் சமையலறையோடு அவள் ஆட்டம் முடிந்துபோகிறது. பயிற்சியாளர் மைக்கேல் வந்து அவள் கணவனிடம் பேசுகிறார். கணவன் மனம் மாறுகிறான், அவள் மைதானத்துக்குத் திரும்புகிறாள். அரங்கம் கைதட்டுகிறது. ஆனால் அங்கே நடந்தது என்ன? ஓர் ஆண் மறுத்த அனுமதியை இன்னோர் ஆண் வாங்கித் தருகிறார். அனுமதி தேவை என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. காயத்ரி கிளம்பிய பிறகு அந்தச் சமையலறையில் யார் நிற்கிறார்கள் என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய இடம் அதுதான். படம் வந்த அதே 2019இல் இந்தியாவில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். கணவன் நல்லவனாக மாறினாலும் இந்த மூன்றேகால் மணி நேர வித்தியாசம் தானாகக் குறையாது. விளையாட நேரம் வேண்டும். அந்த நேரம் யாரோ ஒருவர் பாத்திரம் கழுவுவதால்தான் கிடைக்கும்.

பாண்டியம்மாவுக்கு நடப்பது இன்னும் மோசம். அவள் உடல் பருமனைச் சொல்லி மைக்கேல் எல்லோர் முன்னும் இழிவாகப் பேசுகிறார். அந்தக் கோபத்தில் அவள் நன்றாக ஆடுகிறாள். படம் இதை உத்தி என்கிறது. பள்ளி மைதானத்தில் உடலைக் கேலி செய்தார்கள் என்பதாலேயே ஓட்டத்தை நிறுத்திய பெண்கள் எத்தனை பேர்! நம்மை வெளியே தள்ளிய அதே சொல்லை மருந்தென்று கொடுக்கிறது படம்.

இந்த மைக்கேல் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றிருந்தார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில், பல முறை பட்டம் வென்ற மணிப்பூரை 2–1 என்று தோற்கடித்து முதன்முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அந்த அணியில் ஆடியவர்களின் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்?

தடையை ஒரு கணவன், ஒரு தந்தை, ஒரு வில்லன் என்று குறுக்குவதில் இன்னொரு வசதியும் உண்டு: விளையாட்டு அமைப்புகளே போடும் தடை கண்ணுக்குப் படாமல் போய்விடும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை வீடு தடுக்கவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்த குடும்பம். தாத்தாதான் அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை ஒன்றைக் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தது விளையாட்டு நிர்வாகம். இங்கே எந்தக் கணவனிடம் போய்ப் பேசுவது?

சாந்தியின் கதைக்குள் மைக்கேல் நுழைய முடியாது. அதனால்தான் அது ‘பிகில்’ ஆகவில்லை. பெண்ணுக்கு மைதானத்தைத் திறந்துவிடும் ஆணைப் பற்றி நம்மிடம் போதுமான படங்கள் இருக்கின்றன. பூட்டைப் பற்றியும், அதைப் போட்டவர்களைப் பற்றியும் இனிதான் படம் வர வேண்டும்.