மின்னூலகத்தில் நூலகரின் இடம்

நூல்கள் மின்னுருப் பெற்றுவிட்டால் நூலகருக்கு வேலையில்லை என்னும் கருத்து கற்றோரிடையேயும் நிலவுகிறது. திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் இது எளிதில் ஏற்கப்படக்கூடியதே. ஷிப்டு முறையில் உழைப்பவருக்கு நூலகம் திறந்திருக்கும் நேரம் வாய்ப்பதில்லை; கைப்பேசியோ எப்பொழுதும் உடனிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகம் இவ்வகையில் பெரும்பேறாகும். வாசகரின் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பது எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்றன்றோ?

ஆயினும் நூல் இருத்தல் வேறு, அது வாசகருக்குக் கிட்டுதல் வேறு. நாகூர் குலாம் காதிறு நாவலரின் (1833–1908) பெயர் காதிறு, காதிர், காதர் எனப் பலவாறு எழுதப்படுகிறது. தேடுபொறி எழுத்தை அறியும், ஆளை அறியாது. ‘காதர்’ எனத் தேடுவார்க்குக் ‘காதிறு’ எனப் பதிவான நூல் கிட்டாமற் போகலாம். மாறாக, 1925இல் தொடங்கியதாகக் கூறப்படும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் முன்னோடியான மற்றொரு குலாம் காதர் எதிர்ப்படலாம். இருவரையும் பிரித்தறிவதும், ஒருவரது பெயர் வடிவங்கள் யாவற்றையும் இணைத்து வைப்பதும் நூலகர் பணியாகும்.

அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நிலை இதனினும் சிக்கலானது. அவை வலமிருந்து இடமாகச் செல்வன. இதையறியாதவர் படமெடுத்தால் பக்க வரிசையே தலைகீழாகும். தமிழெழுத்துக்கென அமைந்த எழுத்துணரி மென்பொருள் அவற்றைப் படிக்காது. முகப்பில் ஹிஜ்ரி 1300 என்றிருப்பின் அது கி.பி. 1882–83 எனக் கணித்துப் பதிதல் வேண்டும். அரபெழுத்தும் தமிழும் ஒருங்கே அறிந்த நூலகருக்கே இது கைகூடும்.

பக்தாதின் இப்னு அந்நதீம் ஹிஜ்ரி 377இல் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலட்டவணையைத் தொகுத்தார். அதில் இடம்பெற்ற நூல்கள் பல அழிந்துவிட்டன. அவை இருந்தமைக்கு அவ்வட்டவணையே சான்று. நம் காலத்திலோ நூல் அழியாதிருந்தும், அட்டவணைக் குறையால் இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது.

மின்னுருவாக்கத்திற்குப் பொருள் திரட்டும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவி வாங்க நன்கொடை கிடைக்கிறது. அட்டவணையிடுவாரின் ஊதியத்தை எவரும் நினைப்பதில்லை. லேபிள் இல்லாத ஆடை ஏற்றுமதிக்குச் செல்லாது என்பது திருப்பூர் வணிகர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. நம் மத்ரஸாக்களில் அரபெழுத்துக் கற்ற இளைஞர் சிலருக்கேனும் நூலக அறிவியல் பயிற்றுவித்து, இப்பணியில் அமர்த்துதல் காலத்தின் தேவையாகும்.