கோழிக்குக் கட்டடக்கலை, ஆளுக்குத் தளம்

நாமக்கல் பக்கம் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டப்படும் கட்டடம் எது என்று யாராவது கேட்டால், கோழிப்பண்ணைக் கொட்டகை என்றுதான் சொல்வேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை திருச்செங்கோடு, பரமத்தி சாலையில் போகும்போது பாருங்கள். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகின பக்கத்தில் மட்டும்தான் விழும். நீளப் பக்கம் இரண்டும் கம்பிவலை, காற்று குறுக்கே ஓடும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி மூன்று நான்கு அடி வெளியே நீளும். கோடை வந்தால் கூரைமேல் தென்னை ஓலை பரப்புவார்கள், இல்லை சுண்ணாம்பு அடிப்பார்கள், இல்லை ஸ்பிரிங்க்ளர் வைத்து நனைப்பார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வானிலை அறிவிப்பில் கோழிக்கென்றே தனி ஆலோசனை உண்டு.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் ஏறினால் தீனி எடுக்காது, முட்டை குறையும், ஒரே மத்தியானத்தில் கூட்டமாகச் செத்தும் போகும். நஷ்டம் அன்றைக்கே கணக்கு நோட்டில் வந்துவிடும். அதனால் கொட்டகை கட்டுபவர் வெயிலைப் படிக்கிறார். அதே பண்ணையில் கூலிக்குப் போகிறவர் குடியிருக்கும் அரசு வீட்டுக்கு இந்தப் படிப்பு ஏன் வந்து சேரவில்லை? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

அரசு வீட்டின் வரைபடத்தை ஒரு பிரதி மாதிரி வாசித்துப் பார்க்கலாம். 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், குடிசையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டது. 2011-இல் வந்தது பசுமை வீடு. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சூரிய மின்விளக்குக்கு. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஆட்சி மாறியது, பெயர் மாறியது, தொகை ஏறியது. தட்டையான கான்கிரீட் தளம் மட்டும் மாறவில்லை. ‘பசுமை’ என்ற பெயருக்கு வீட்டில் இருந்தது ஐந்து விளக்கும் மழைநீர்ச் சேகரிப்பும்தான். அந்த விளக்குக்குக் கரண்ட் எடுக்கத் தெரிந்த அதே வெயில், தளம் வழியாக உள்ளே இறங்குவதைத் தடுக்க அந்த வரைபடத்தில் ஒன்றுமே இல்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கூரை வீடு குளுகுளுன்னு இருக்கும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூரை வீட்டில் இருப்பதில்லை. ஒரு தீப்பொறியில் ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் எல்லாம் போன குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. வருஷத்துக்கு வருஷம் ஓலை மாற்றும் செலவு வேறு. தார்சு வீடு என்பது எங்கள் பக்கத்தில் வெறும் கட்டடமில்லை, பெண் கேட்டு வருகிறவர்கள் பார்க்கும் பார்வை. எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940-களில் லக்ஸருக்குப் பக்கத்தில் புது கூர்னா என்று மண்ணால் அழகான ஊர் ஒன்றைக் கட்டினார். யாருக்காகக் கட்டினாரோ அந்தச் சனங்கள் அங்கே குடிபோக மறுத்துவிட்டார்கள். ஏழைக்கு எது நல்லது என்று வெளியிலிருந்து முடிவு செய்த எல்லாருக்கும் அது ஒரு பாடம். அதனால் ‘கான்கிரீட் வேண்டாம்’ என்பது என் வாதம் அல்ல. கான்கிரீட்டோடு நிறுத்திக்கொண்டது ஏன் என்பதுதான்.

கணக்கு எளிது. சேலம், நாமக்கல் பூமி பூமத்திய ரேகைக்குப் பக்கம். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் சூரியன் உச்சிப் பொழுதில் நேர் தலைக்குமேல் நிற்கும். அப்போது வெயில் வாங்குவது சுவரைவிடத் தளம்தான். நாலைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை உள்ளே விடும். பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி படுக்க வருகிற ஆளுக்கு, வீடு தன் உச்ச வெப்பத்தை அப்போதுதான் கொடுக்கிறது. தறிக்குழியிலேயே பகலும் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கும், படுக்கையில் கிடக்கும் வயசானவருக்கும் தப்பிக்க இடமே இல்லை.

சரி, இந்தத் தளமாவது நிலைக்கிறதா? 2001-க்கு முன் கட்டின இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2024-இல் அரசே 2,000 கோடி ஒதுக்கியது. தொகுப்பு வீடு என்றாலே காரை பெயர்ந்து கம்பி தெரியும் படம்தான் நமக்கு ஞாபகம் வரும். தளத்துக்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு ஓடு பதிப்பது பழைய வழக்கம். அது வெயிலையும் தடுக்கும், நீரையும் தடுக்கும். நான் பார்த்த அரசு வீடுகளில் பணம் தளத்தோடு தீர்ந்துபோய், மேல்பக்கம் மொட்டையாகவே கிடந்தது.

மாற்றுக் கட்டடக்கலை பேசுகிறவர்களும் இந்த விமர்சனத்துக்குத் தப்ப முடியாது. லாரி பேக்கரின் வழி எனக்குப் பிடித்தது. தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட் சுமை தாங்குவதில் பெரிதாக உதவுவதில்லை, அந்த இடத்தில் பழைய ஓட்டைப் பதித்தால் சிமெண்டும் மிச்சம், சூடும் குறைவு. எலிப்பொறிக் கட்டில் செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம். ஆரோவில்லில் 1989 முதல் அழுத்திய மண்கல் செய்து காட்டுகிறார்கள். ஆனால் ‘உள்ளூர்ப் பொருளில் கட்டுங்கள்’ என்ற உபதேசம் இங்கே அப்படியே பொருந்தாது. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை, மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் சாம்பல், ஊருக்கு ஊர் கருங்கல் ஜல்லி. எங்களுக்கு உள்ளூர்ப் பொருளே இதுதான்! சாம்பல் கல் சூளையையும் விறகையும் மிச்சப்படுத்தும், வயல் மண்ணைக் காப்பாற்றும், நல்லதுதான். ஆனால் தளத்துச் சூட்டை அது ஒரு டிகிரிகூடக் குறைக்காது. பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்பதே வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியும் சேதி.

அப்புறம் பில். அரசுப் பணம் தவணையாக வருகிறது: அடித்தளம், லிண்டல், தளம், பூச்சு முடிந்த வீடு என்று. ஓவர்சீயர் அளப்பது இந்த நிலைகளைத்தான். காற்று குறுக்கே ஓடுகிறதா என்று அளக்க அந்தத் தாளில் கட்டம் இல்லை. ஓடு பதித்த தளம் போடத் தெரிந்த கொத்தனார் கிடைத்தாலும், பில் பாஸாகுமா என்ற பயத்தில் எந்தப் பயனாளி துணிவார்? கையில் கடன் வாங்கிக் கட்டுகிறவர் பரிசோதனை செய்ய மாட்டார். ஆக, உண்மையான வரைபடம் அந்தத் தவணைப் பட்டியல்தான்.

கனவு இல்ல விதியில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. 360-இல் 300 சதுர அடி கான்கிரீட். மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம், ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் மட்டும் ஆகாது. முழு வரைபடத்திலும் குடியிருப்பவரின் கைக்கு விட்ட இடம் அது. மேற்குப் பார்த்த சுவரை மறைத்து ஓடு வேய்ந்த திண்ணையாக அதைக் கட்டினால், சாயங்கால வெயில் சுவரில் விழாது, உட்காரவும் இடம் கிடைக்கும். தகர ஷீட் போட்டுவிட்டால் இன்னொரு அடுப்புதான். எதுவாக ஆகும் என்பது, யாராவது முன்கூட்டியே சொல்லித் தருகிறார்களா என்பதைப் பொறுத்தது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு அரசு. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். வீட்டுக்கு 3.5 லட்சம். இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு கோப்பு. இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வந்தால் கேட்கவேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்: தளத்துக்குமேல் வெள்ளைச் சுண்ணாம்போ ஓடோ, எதிரெதிர்ச் சுவரில் உயரத்தில் காற்றுப் பொந்து, ஜன்னலுக்கு மேல் இன்னும் ஓரடி நீளமான சன்ஷேடு, மேற்கில் அந்த 60 சதுர அடி. இவற்றுக்குக் கடைசித் தவணையில் ஒரு கட்டம் போட்டு, டிக் அடித்தால்தான் பணம் என்று வைத்தால் போதும். கொட்டகை கட்டிப் பழகின கொத்தனார் நம்மூரில் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.