களிம்பு

நின்றால் சூடேறும், ஓடினால் ஆறிவிடும். என் 1997 மாருதி 800க்கு வந்த சீக்கு இதுதான். திருவான்மியூர் சிக்னலில் நாலு நிமிஷம் நின்றால் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே நகரும். ஈ.சி.ஆரில் கொட்டிவாக்கம் தாண்டிக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதும் நல்ல பிள்ளை மாதிரி இறங்கிவிடும். இதையெல்லாம் விவரமாகச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எலக்ட்ரீஷியன் கேட்டார்: “ஓடுனா எறங்கிடுதா சார்?”

ஆமாம் என்றேன்.

“அப்ப தண்ணி பம்ப், தெர்மோஸ்டாட் எதையும் தொட வேணாம். ஃபேன் பக்கம் பாப்போம்.”

ஒரே கேள்வியில் பாதி வண்டியைக் கழித்துவிட்டார். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே விசிறி; நிற்கும்போதுதான் மோட்டார் விசிறியின் தயவு வேண்டும். அம்பாசடரிலும் பத்மினியிலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவற்றில் எஞ்சின் நெடுக்காக உட்கார்ந்திருக்கும். விசிறி அதன் மூக்கிலேயே பெல்ட்டோடு சேர்ந்து, தேவையோ இல்லையோ, சுற்றிக்கொண்டே இருக்கும். 1983 டிசம்பரில் வந்த மாருதியில் எஞ்சின் குறுக்கே படுத்தது. மூக்கு பக்கவாட்டில் திரும்பிவிட்டதால் முன்னால் நிற்கும் ரேடியேட்டருக்கென்று தனி விசிறி, தனி மோட்டார், தனி வயர் எல்லாம் வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்பார்கள். ஐந்து மதிப்பெண்ணுக்காக இல்லாத மோனையையெல்லாம் கண்டுபிடித்து எழுதியவன் நான். இந்தச் சின்ன சர்க்யூட்டில் அந்தச் சிரமம் இல்லை. பேட்டரியிலிருந்து சாவி வழியாக, ஃப்யூஸ் வழியாக, விசிறி மோட்டார் வரைக்கும் கரண்ட் வந்து நிற்கிறது. சாவி திருகியதிலிருந்தே அது அங்கே காத்திருக்கிறது. வெளியே போகத்தான் வழியில்லை. தெர்மோ ஸ்விட்ச் இருப்பது மோட்டாருக்கு அந்தப்பக்கம், எர்த்துக்குப் போகும் வயரில். வாசல் எப்போதும் திறந்தே கிடக்கிறது. தண்ணீர் சூடானதும் ஸ்விட்ச் கொல்லைக்கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த ஸ்விட்சுக்குள் விரியும் தன்மை வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு வில்லை இருக்கும். சூடு ஏற ஏற ஒரு பக்கம் அதிகமாக விரியப் பார்க்கும், மறுபக்கம் பிடித்து இழுக்கும். ஒரு கட்டத்தில் ‘டக்’கென்று எதிர்ப்பக்கமாகக் குழிந்து தொடர்பு கொடுத்துவிடும். 90 டிகிரியைத் தாண்டிச் சேர்வது, அதே சூட்டில் பிரிந்துவிடாது. சில டிகிரி இறங்கிய பிறகுதான் பிரியும். இந்த இடைவெளி மட்டும் இல்லாவிட்டால் விசிறி விக்கல் வந்தவன் மாதிரி ஓடி நின்று ஓடி நின்று உயிரை விட்டிருக்கும். ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறொரு கணக்கு என்று வைத்தவன் கைக்கு ஒரு மோதிரம் போடலாம்.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, “டைரக்ட் பண்ணிடலாம் சார்” என்று இதற்கு முன் ஒருவர் சொன்னார். ஸ்விட்சைத் தள்ளிவிட்டு வயரை நேராக எர்த்தில் முறுக்கிவிடுவது. சாவி போட்டால் விசிறி ஓடும், எடுக்கும்வரை ஓடும். சென்னையில் பாதிப் பழைய வண்டிகள் இந்த வைத்தியத்தில்தான் ஓடுகின்றன. மார்கழிக் காலையிலும் எஞ்சினைச் சூடேற விடாமல் விசிறிக்கொண்டே இருப்பதற்கு அம்பாசடரே தேவலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே மீட்டரை எடுத்து இறங்கினேன்.

அங்கேதான் ஏமாந்தேன். மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, ஸ்விட்ச் முனைகள் இரண்டையும் ஒரு வயர்த்துண்டால் சேர்த்துவிட்டு, கப்ளரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் கணக்காக 12 வோல்ட். வருகிற வழியும் சரி, போகிற வழியும் சரி என்று அர்த்தம். கப்ளரை மாட்டினால் விசிறி சில நாள் ஓடும், சில நாள் சோம்பல் முறிப்பதுபோல் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். ஆகவே மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, புது மோட்டார் விலையும் விசாரித்துவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் என் மீட்டரை மரியாதையாக வாங்கி பேட்டரி மேல் வைத்தார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். பித்தளை அடியில் நேராகப் பற்றவைத்த இரண்டு வயர், ஒன்றின் நுனியில் முதலைவாய் கிளிப், இன்னொன்றில் கூராக்கிய ஆணி. கிளிப்பை மோட்டாருக்கு வரும் வயரில் கடிக்கவைத்து, ஆணியை பேட்டரி நெகட்டிவில் தொட்டார். பல்பு வெள்ளையாக எரிந்தது. அதே ஆணியைத் திரும்பிப் போகும் வயரில் வைத்தார். எரிந்தது, ஆனால் கார்த்திகை அகல் மாதிரி மஞ்சளாக, சுரத்தில்லாமல்.

“பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன். அந்த மஞ்சளை இன்னும் மறக்கவில்லை.

மீட்டருக்குள் இருக்கும் தடை சுமார் ஒரு கோடி ஓம். வழியில் எங்கோ மூன்று ஓம் அடைப்பு இருந்தால் அந்தக் கோடிக்கு முன்னால் அது தூசு. மீட்டர் 12 என்றே காட்டும். 21 வாட் பல்புக்கு உள்தடையே ஏழு ஓம்தான். அதன் வழியில் மூன்று ஓம் குறுக்கிட்டால் எட்டரை வோல்ட்கூடத் தேறாது, வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மோட்டார் பாடு இன்னும் மோசம்: கிளம்பும் கணத்தில் அது பல்பைவிடப் பல மடங்கு கரண்ட் கேட்கும், கிடைக்காது. அடைத்த குழாயில் மூடிய திருகுவரை தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதும், திறந்தால் நூல் மாதிரி சொட்டுவதும் மெட்ரோ வாட்டர் பிடித்த நமக்குத் தெரியாததா? மீட்டர் மேல் குற்றமில்லை. விசிறி திணறும் நேரத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அதுவும் உண்மையைச் சொல்லியிருக்கும். நான் திருகை மூடிவைத்துக்கொண்டு கேட்டேன்.

பிறகு அவர் விரல் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போயிற்று. ஸ்விட்சைத் தாண்டி, ஹெட்லைட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மூலையில், பாடியோடு முறுக்கிய ஒரு பத்து எம்.எம். போல்ட். அதன் அடியில் வயரின் லக். கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மயில்கழுத்துப் பச்சை. விளிம்பில் வெள்ளைப் பொடி, நடுவில் ஊசிமுனை அளவு மட்டும் செம்பின் சிவப்பு. அந்த ஊசிமுனையை நம்பித்தான் ஒரு விசிறி இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

“களிம்பு ஏறிடுச்சு சார். கடக்காத்து.”

எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை, செம்பில் களிம்பு. உயிரோடு கூடவே பிறந்தது என்பார்கள். இது கூடப் பிறந்ததல்ல, வால்மீகி நகர்க் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியது. உப்புத் துகள் உலோகத்தின் மேல் படிந்து, மழையே இல்லாமல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு லக்கும் இரும்பு பாடியும் அந்த உப்பு ஈரத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. இரும்பை அது தின்னும், செம்பை உப்பு பச்சையாக்கும். ஜன்னல் கம்பியும் ஃபிரிட்ஜின் அடித்தகடும் இந்தப் பேட்டையில் படும் பாடு ஊருக்கே தெரியும்.

அவர் உப்புத்தாளை எடுத்தார். உப்பால் வந்ததை உப்புத்தாளால் தேய்க்கிறோம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். லக்கை இரண்டு பக்கமும், போல்ட்டின் அடியை, பாடியில் பெயின்ட் உரிந்து துருவேறிய வட்டத்தை என்று வெள்ளித்தகடு தெரியும்வரை தேய்த்தார். முறுக்கி இறுக்கிய பிறகு, ஒரு பழைய டப்பாவிலிருந்து வாசலினை விரலில் வழித்து போல்ட் தலை மூழ்கும்படி அப்பினார்.

களிம்பை எடுத்துவிட்டுக் களிம்பு பூசுகிறார். இந்தச் சிலேடையை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூலியைக் கூட்டியிருப்பார். அகத்தியருக்கு மருந்துகளைச் சொல்லிக்கொடுத்தவர் என்று புராணம் சொல்லும் மருந்தீசுவரரின் கோபுரம் சந்து முனையில் நின்றது. அவருக்குப் புரிந்திருக்கும்.

வேலை அதோடு தீரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு இருவரும் பானெட் முன்னால் நின்றோம். முள் ஏறியது. பாதியைத் தாண்டியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை, காதால் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று எஞ்சினின் குரல் ஒரு இழை இறங்கியது. ஹெட்லைட் இமைப்பொழுது மங்கியது. அதற்குப் பிறகுதான் விசிறி கிளம்பிய ஓசையே என் காதுக்கு வந்தது. ஆல்டர்னேட்டர் புதுச்சுமையைத் தோளில் வாங்கிக்கொண்டதும் எஞ்சின் பழைய சுருதிக்கு ஏறிக்கொண்டது.

சற்று நேரத்தில் விசிறி நின்றது. நான் பானெட்டை மூடக் கை வைத்தேன்.

“இருங்க சார். இன்னொரு வாட்டி வரட்டும்.”

பல்பின் வயர்களை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். இரண்டாவது முறை விசிறி வந்து, ஓடி, தானாக நின்ற பிறகுதான் அந்தப் பல்பு சட்டைப்பைக்குள் போயிற்று.