கரு பொது, கதை யாருடையது?

பஞ்சாபிப் பையனும் தமிழ்ப் பெண்ணும் காதலிக்கிறார்கள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்களான இரு தகப்பன்மாரும் மாநிலப் பற்றைக் காட்டிக் குறுக்கே நிற்கிறார்கள். ஆர்.ஜி. ஆனந்த் எழுதி 1954இல் டெல்லியில் மேடையேறிய ‘ஹம் இந்துஸ்தானி’ நாடகத்தின் கரு இது. மறு ஆண்டு ஆனந்த் அதை முழுவதும் வாசித்துக் காட்ட, இயக்குநர் மோகன் சேகல் கேட்டார். 1956இல் சேகலின் ‘நியூ டெல்லி’ வெளியானது. கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த அந்தப் படத்திலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். ஆனந்த் வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றார்.

நீதிபதி ஃபசல் அலி எழுதிய அந்தத் தீர்ப்புதான் இன்றுவரை இந்தியக் கதைத் திருட்டு வழக்குகளுக்கு அளவுகோல். கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்று நிகழ்வுக்கும் பதிப்புரிமை கிடையாது. அவற்றை ஒருவர் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்த சாதாரண ரசிகனுக்கு ‘இது அதன் நகல்’ என்று ஐயமின்றித் தோன்ற வேண்டும். ‘நியூ டெல்லி’யில் வெளிமாநிலத்தவருக்கு வீடு கிடைக்காத அவதியும் வரதட்சணைக் கொடுமையும் சேர்ந்திருந்தன, நாடகத்தில் இவை இல்லை. ஆகவே படம் வேறு என்றது நீதிமன்றம்.

இந்தக் கோடு தேவையானது. இரு சமூகத்துக் காதல் என்ற கரு ஒருவருக்குச் சொந்தமானால், அடுத்தவர் அதைத் தொட அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பழிவாங்கலும் இரட்டை வேடமும் பிரிந்த குடும்பம் சேர்வதும் பொதுவில் இருப்பதால்தான் புதிய எழுத்தாளர் எழுதவே முடிகிறது. கருவுக்கு உரிமை கொடுத்தால் அதை வாங்கிக் குவிக்கப்போவது பெரிய நிறுவனங்கள்தான். அறிமுக இயக்குநர் அல்ல.

குறை கோட்டில் இல்லை, அதை எங்கே போடுவது என்பதில் இருக்கிறது. ‘ஒரு காதல்’ என்பது கரு. பாத்திரங்களின் குணம், காட்சிகளின் வரிசை, திருப்பங்கள் என்று கூட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒரு படியில் அது வெளிப்பாடாகிவிடும். எந்தப் படியில் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனந்த் வழக்கிலேயே அமர்வின் இன்னொரு நீதிபதியான பாதக் முடிவோடு உடன்பட்டாலும், கேள்வி முதன்முதலாகத் தங்களிடம் வந்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கலாம் என்ற தொனியில் எழுதினார். உச்ச நீதிமன்றத்துக்கே இந்தத் தயக்கம் என்றால், வாய்ப்புத் தேடி அலையும் எழுத்தாளர் எதை நம்பி வழக்குப் போடுவார்?

2018இல் ‘சர்கார்’ படத்தின் கதை யாருடையது என்ற விவகாரம் இந்த இடைவெளியைக் காட்டியது. தன் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டதை நாயகன் அறிவது, இயக்குநர் முருகதாஸின் படத்துக்கும் எழுத்தாளர் வருண் ராஜேந்திரனின் கதைக்கும் பொதுவான புள்ளி. தன் கதையை ‘செங்கோல்’ என்ற பெயரில் 2007இலேயே திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்ததாக வருண் சொன்னார். ஒற்றுமை இருப்பதாக பாக்யராஜ் தலைமையிலான அந்தச் சங்கம் கருதியது. கதை தன்னுடையதே என்றார் முருகதாஸ். உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் வருணுக்கு அங்கீகாரம் தர முடிவானது. அந்த ஒரு புள்ளி சட்டக் கண்ணில் வெறும் கரு என்று ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும். சட்டம் தராததை அன்று தந்தது சங்கமும், வெளியீட்டுத் தேதியின் நெருக்கடியும்.

பதிப்புரிமை கைவிடும் இடத்தில் உதவ இன்னொரு வழி உண்டு. குழந்தைக் கண்ணன் தொடர்பான தொலைக்காட்சித் தொடர்க் கருவை சண்டயல் நிறுவனம் ஜீ தொலைக்காட்சியிடம் விளக்க, பிறகு ஜீ அதே போன்ற தொடரைத் தயாரித்தது. 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம், நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்ட கருவைச் சொன்னவரின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்றது. கரு எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கிறது. கேட்டவர் மட்டும் கட்டுப்படுகிறார்.

எனவே கோட்டை அழிக்க வேண்டாம். கதை சொல்லும் அறைக்கு ஒழுங்கு வரட்டும். யார் கேட்டார், என்று கேட்டார் என்பதற்கு எழுத்துச் சாட்சி இருக்கட்டும். தயாரிப்பு நிறுவனங்கள் அதில் கையெழுத்திட மறுக்கக் கூடாது. எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறும் ஒருவரிக் கருவோடு போகாதீர்கள். காட்சி காட்சியாக எழுதிய திரைக்கதையோடு போங்கள். சட்டம் காப்பது அதைத்தான்.