ஐந்து கிலோவாட்டுக்குக் கீழே

ஊரில் கொல்லைப்பக்க மோட்டாரைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்று போன மே மாதம் அம்மா போனில் சொன்னார். பார்க்க வந்த வயரிங்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எம்சிபி போட்டிருக்குல்ல சார், ஒண்ணும் ஆகாது."

அவர் மேல் கோபமில்லை. பி.ஈ. முடித்த நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். எம்சிபி காப்பது வயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் சி வகை எம்சிபி சட்டென்று விழ வேண்டுமானால் அதில் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். மனுஷனைக் கொல்ல அரை ஆம்பியர்கூட வேண்டாம்.

"எர்த் இருக்கே, லீக் ஆன கரண்டு அதில் இறங்கி எம்சிபியை விழவைக்காதா?" என்று கேட்கலாம். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். எம்சிபி அசையாது. மோட்டார் உடம்பு கிட்டத்தட்ட 230 வோல்ட்டோடு உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கத்துக் களிமண் ஈரத்தில் கரண்டை நன்றாகக் கடத்தும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும், தடை ஏறும். ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை எர்த் குழிக்கு ஒரு குடம் ஊற்றுவது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். சரியான பழக்கம்தான், ஆனால் போதாது.

போதுமானது ஆர்சிசிபி. போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே 0.3 விநாடிக்குள் துண்டிக்கும். எர்த் தடை 1000 ஓம் ஆனாலும் 230 மில்லி ஆம்பியர் கசியும். அதற்கு அது தாராளம்.

அப்படியிருக்க, இந்திய மின்சார விதிகள் 1956இல் பின்னாளில் சேர்ந்த 61ஏ விதியைப் படித்தபோது எரிச்சல் வந்தது. எர்த் லீக்கேஜ் கருவி வேண்டும் என்கிறது, ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த தாழ்வழுத்த இணைப்புகளுக்கு விலக்கு. ஷாக்குக்கும் லோடுக்கும் என்ன சம்பந்தம்? நாலு லைட், ஒரு மிக்ஸி, ஒரு மோட்டார் உள்ள ஓட்டு வீட்டில்தான் சுவர் ஊறும், வயரில் டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கும், வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்பார்கள். விலக்கு போனது அவர்களுக்கு. 2010இல் அந்த விதிகளின் இடத்துக்குப் புது ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. ஆனால் "ஏசி வச்ச வீட்டுக்குத்தான் ஆர்சிசிபி" என்ற நினைப்பு மட்டும் எங்கள் ஊரில் அப்படியே இருக்கிறது.

எதிர்வாதமும் உண்டு. மழை பிடித்தால் அது சும்மா சும்மா விழும், மனுஷர்கள் கடுப்பாகி நேரடியாக இணைத்துவிடுவார்கள். உண்மைதான். ஆனால் பெரும்பாலும் "சும்மா" விழுவதில்லை. அம்மா வீட்டில் மாட்டிய அன்று சாயங்காலமே விழுந்தது. மோட்டாருக்குப் போகும் வயரில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், டேப் உரிந்த ஜாயின்ட் ஒன்று கிடந்தது. அதை மாற்றினோம். ஐப்பசியில் இன்னொருமுறை விழுந்தது. இந்தமுறை அம்மாவே போன் செய்தார்: "மறுபடி விழுந்துடுச்சுப்பா, எங்கேயோ ஈரம் இருக்கும்னு நினைக்கிறேன், அந்தாளை வரச் சொல்லு."