விறலிக்கு யார் வழி சொல்வது?

பிழைப்புத் தேடி நடக்கும் ஒரு கலைஞரை எதிரே வரும் இன்னொரு கலைஞர் நிறுத்தி, ‘இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும்’ என்று சொல்கிறார். அந்தப் பேச்சையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. ஆற்றுப்படையை வள்ளலின் புகழ்ப்பாட்டாகவே வகுப்புகளில் நடத்திவருகிறோம். நான் அதைத் தொழில் தகவலாக வாசிக்கிறேன். அப்படி வாசித்தால், தகவல் யார் காதுக்குப் போகிறது என்ற கேள்வி உடனே எழுகிறது.

ஆற்றுப்படுத்தப்படுவோர் என்று தொல்காப்பியம் கூத்தர், பாணர், பொருநர், விறலி என நால்வரைச் சொல்கிறது. முருகாற்றுப்படை நீங்கலாக, பத்துப்பாட்டில் பொருநருக்கு ஒன்று, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு ஒன்று என நான்கு ஆற்றுப்படைகள் இருக்கின்றன. விறலிக்கென்று நெடும்பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகளுக்குள் அவள் இருக்கிறாள். பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தலில் தொடங்கி அடிவரை வருணிக்கிறது. சிறுபாணாற்றுப்படையும் விறலியரை அப்படித்தான் பார்க்கிறது. வழியும் வள்ளலின் பெயரும் ஆணிடம் சொல்லப்படுகின்றன. அதே வழியில் அதே பசியோடு நடக்கும் பெண்ணுக்கு வருணனை கிடைக்கிறது.

விறலியாற்றுப்படை என்ற துறையில் புறநானூற்றில் சில குறும்பாடல்கள் உண்டு. அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். 133ஆம் பாடல் எங்கள் திருச்சி உறையூரைச் சேர்ந்த ஏணிச்சேரி முடமோசியாருடையது. ஆய் வள்ளலின் புகழைக் கேட்டிருக்கிறாயே தவிர அவனைக் கண்டதில்லை, காண வேண்டுமானால் காற்றில் கூந்தல் அசைய மயிலைப்போல் நடந்து போ என்கிறார். அழகான பாட்டு. ஆனால் அவள் என்ன வாசிப்பாள், என்ன பாடுவாள் என்று அதில் ஒரு சொல் இல்லை.

103ஆம் பாடல் ஔவையாருடையது. ஒரு பக்கம் பதலையும் மறுபக்கம் சிறுமுழவும் தொங்கச் சுமந்து வந்து, உண்கலத்தைக் கவிழ்த்துவைத்துச் சுரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் விறலி. ஔவை முதலில் அவளுடைய கருவிகளைப் பார்க்கிறார், அடுத்து வெறும் கலத்தை. உடலைப் பற்றி, வளை குறைந்த கைகள் என்பதற்கு மேல் இல்லை. பிறகு மூன்று செய்திகளைச் சொல்கிறார். அஞ்சி இருப்பது தூரத்தில் இல்லை. இப்போது பகைவர் நிலத்தில் இருக்கிறான். வறுமைக் காலத்திலும் கைவிடமாட்டான். எவ்வளவு தூரம், என்ன ஆபத்து, கூலிக்கு என்ன உறுதி: வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்குத் தேவையானது அதுதான். ஒரு பெண் கவி அதைக் கேட்டு வைத்திருந்து இன்னொரு பெண்ணுக்குச் சொல்கிறார்.

இன்றும் கலைக்காவிரியிலோ மாவட்ட அரசு இசைப்பள்ளியிலோ பாட்டுப் படிக்கும் பெண், படிக்கும்போதே சம்பாதிக்க வேண்டியவளாக இருந்தால், இந்த மூன்றையும் அறிந்தாக வேண்டும். வேலை இல்லாமல் இல்லை. கல்யாண வரவேற்பில் மெல்லிசை, சலங்கை பூஜைக்குப் பின்பாட்டு, கோயில் விழா, வீட்டு வகுப்பு என்று இருக்கிறது. ஆனால் அடுத்த கச்சேரி பற்றிய பேச்சு, இந்தக் கச்சேரி முடிந்து வாத்தியங்களை வேனில் ஏற்றும்போது நடக்கிறது. அந்த நேரத்தில் அவள் அப்பாவின் வண்டியில் ஏறிப் போயிருப்பாள். ஸ்ரீரங்கத்தில் நவராத்திரி ஒன்பது நாளும் கொலு வீடுகளில் பாடும் பெண்களுக்கு வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் கிடைக்கின்றன. அதே வீட்டு விசேஷத்துக்கு நாதஸ்வரக்காரரை அழைத்தால் தொகை பேசி, முன்பணமும் கொடுப்பார்கள். பெண் பாடினால் பக்தி, ஆண் வாசித்தால் தொழில் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாமலே நடக்கிறது.

விண்ணப்பம், குரல் தேர்வு, தரம், தரத்துக்கேற்ற ஊதியம் என்று வெளிப்படையான வழி ஒன்றும் இவ்வூரில் உண்டு. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி அது. அங்கே வேன் பேச்சு தேவையில்லை. ஆனால் வானொலி தரும் வாய்ப்பை மட்டும் வைத்து வருடம் முழுவதும் சாப்பிட முடியாது.

காவிரிக்கரையிலேயே இன்னொரு முன்னுதாரணம் இருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் பணத்தில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினார். ஆனால் அங்கே ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. 1927இல் அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். அவர் வாசலில் காத்து நிற்கவில்லை. மற்றப் பெண்களுக்கும் பாட இடம் கொடுத்தார்.

அதனால் இசை படிக்கும் என் மாணவிகளிடம் பொதுவாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எந்த இடம், யார் அழைத்தார்கள், பேசிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, இரவில் எப்படித் திரும்பினோம் என்று ஒவ்வொருத்தியும் அதில் எழுத வேண்டும். அடுத்த வருடம் வருகிறவளுக்கு அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பத்துப்பாட்டில் இல்லாத விறலியாற்றுப்படையை அவர்கள் அப்படித்தான் எழுத முடியும்.