எண்ணிப் பார்த்துத் திருத்துவோம்: தரவு அகராதியும் நம் வகுப்பறையும்

விடைத்தாளின் ஓரத்தில் 'இது தமிழே இல்லை' என்று எழுதுவது எளிது. எதை வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று மாணவர் திருப்பிக் கேட்டால்தான் சிக்கல். இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது என்போம். இல்லையென்றால், காதுக்கு ஒத்துவரவில்லை என்போம். இவை இரண்டும் அல்லாத மூன்றாவது சான்று ஒன்றும் உண்டு. தமிழ் எழுதுகிறவர்கள் இன்று உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று திரட்டி, எண்ணி, வகைப்படுத்திப் பார்ப்பதுதான் அது. இந்த வழியில் தமிழுக்குக் கிடைத்த நல்ல விளைச்சல் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'. அதை மையமாக வைத்து, தரவுவழி மொழியாய்வு ஆசிரியருக்கும் தேர்வெழுதும் மாணவருக்கும் எவ்வளவு தூரம் துணைவரும், எங்கே நின்றுவிடும் என்று பார்ப்போம்.

எண்ணுகிற பழக்கம்

வழக்கைப் பார்த்து விதி சொல்வது நமக்குப் புதிதல்ல. உலக வழக்கு, செய்யுள் வழக்கு இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் செய்யப்பட்டது என்று அதன் பாயிரம் கூறுவதை எல்லாரும் படித்திருக்கிறோம். ஒரு நூலின் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று பட்டியல் போடும் வேலையும் தமிழில் நடந்திருக்கிறது. வ.அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது.

இந்த வேலைக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தும் முயற்சி 1949இல் தொடங்கியது. தாமஸ் அக்குவைனஸின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்ய இத்தாலியப் பாதிரியார் ரொபர்ட்டோ புசா ஐபிஎம் நிறுவனத்தை அணுகினார். பிறகு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில், 1961ஆம் ஆண்டு அச்சான ஆங்கில உரைநடையிலிருந்து ஏறத்தாழ 2000 சொற்கள் வீதம் 500 பகுதிகள் திரட்டப்பட்டன. மொத்தம் பத்து இலட்சம் சொற்கள். கார்ப்பஸ் எனப்படும் மொழித்தரவுத் தொகுப்புகளுக்கு அது முன்மாதிரி ஆனது. அதில் 'தி' என்ற ஒரே சொல் மட்டும் நூற்றுக்கு ஏழு என்ற அளவில் வந்தது. எந்த மொழியிலும் சில சொற்கள் மிக அதிகமாகவும், பெரும்பாலான சொற்கள் அரிதாகவும் வருகின்றன என்று ஜார்ஜ் சிப்ஃப் முன்பே காட்டியிருந்ததற்கு இது பொருந்தியது.

தரவுத் தொகுப்பை அகராதிக்குக் கொண்டுவந்ததில் ஜான் சின்க்ளேருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் தலைமையில் 1987இல் வந்த கோபில்ட் ஆங்கில அகராதி, தொகுப்பில் கிடைத்த வாக்கியங்களையே சான்றாகக் கொண்டது. ஐந்தாண்டு கழித்துத் தமிழிலும் அப்படி ஒன்று வந்தது.

க்ரியா அகராதியின் பலம்

பா.ரா. சுப்பிரமணியனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு முதல் பதிப்பு 1992இல் வந்தது. பதிப்பாளர் எஸ். ராமகிருஷ்ணனின் விடாமுயற்சியால் 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. இதன் அருமை தெரிய, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சங்கப் பாடலுக்குப் பொருள் தேட அதைவிட்டால் வழியில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு அங்கே பத்துப் பொருள் இருந்தால், அவற்றில் எது இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்று உயர்நிலை மூன்று மாணவருக்கு எப்படித் தெரியும்?

க்ரியா அகராதி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. தற்கால உரைநடையில் வழங்கும் பொருள்களை மட்டும் எடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருகிறது. பேச்சு வழக்கு, உயர் வழக்கு, வட்டார வழக்கு, அருகிவரும் வழக்கு என்று குறிப்பும் போடுகிறது. சொல்லுக்குப் பொருள் தெரிந்தாலும் அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று தெரியாமல் மதிப்பெண் இழக்கும் மாணவருக்கு இந்தக் குறிப்புகள் பெரிய உதவி.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஏன் முக்கியம் என்பதை வகுப்பிலேயே காட்டலாம். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது என்கிறோம். 'வெயில் பெய்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. அதில் எழுவாயும் பயனிலையும் ஒத்துத்தான் போகின்றன, பொருளும் புரிகிறது. ஆனாலும் அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. 'எடு' என்ற வினையைப் பாருங்கள்: படம் எடுக்கிறோம், விடுப்பு எடுக்கிறோம், மதிப்பெண் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெயர்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. வீட்டில் தமிழ் குறைவாகப் புழங்கும் நம் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தச் சேர்க்கைகளில்தான். இவற்றை விதியாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. வழங்கும் வாக்கியங்களைக் காட்டித்தான் பழக்க முடியும்.

எங்கே போதவில்லை

இந்த அகராதி மீது எனக்கு மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, ஒரு சொல் வழக்கில் உண்டு என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு வழக்கில் உண்டு என்று எண்ணிக் காட்டுவதில்லை. கோபில்ட் 1995ஆம் ஆண்டுப் பதிப்பில், அடிக்கடி வரும் சொற்களை அவற்றின் அளவுக்கேற்பக் குறியிட்டுக் காட்டியது. எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்று பட்டியல் போடும் ஆசிரியருக்கு அந்தத் தகவல்தான் வேண்டும். அது இல்லாததால் இன்றும் நாம் குத்துமதிப்பாகவே பட்டியல் போடுகிறோம்.

இரண்டாவது, இதன் அடித்தளம் அச்சேறிய எழுத்து. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு சிங்கப்பூரில் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் கிடைத்திருக்கிறது. வாய்மொழித் தேர்வில் மாணவர் பேசுகிற தமிழுக்கு அச்செழுத்து முழுச் சான்றாகாது. பேச்சைப் பதிவு செய்து, எழுதியெடுத்து, பிறகுதான் எண்ண முடியும். அது மெனக்கெட்ட வேலை.

மூன்றாவது குறை நம் சொற்களைப் பற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணினி எண்ணினால் மட்டும் போதுமா?

'கணினிகிட்ட கொடுத்தா எண்ணித் தந்துடுமே' என்று நினைக்கலாம். தமிழில் அது அவ்வளவு சுலபமில்லை. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகப் பதிவாகிறது. தமிழுக்கென்று சொல்லித்தராத நிரல், ஐந்து என்றுதான் விடை தரும்.

சொல்லை எண்ணுவது இன்னும் சிக்கல். வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே: இடைவெளியை வைத்து எண்ணும் நிரலுக்கு இவை ஐந்து வெவ்வேறு சொற்கள். அதனால் ஒரே சொல்லின் எண்ணிக்கை சிதறிப்போய், அடிக்கடி வரும் சொல்லும் அரிய சொல் மாதிரி தெரியும். மறுபக்கம் 'படி' இருக்கிறது. மாடிப்படி, பாடத்தைப் படி, ஒரு படி அரிசி, சொன்னபடி செய்: உருவம் ஒன்று, வேலை நான்கு. நிரல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடும். வேற்றுமை உருபையும் விகுதியையும் பிரித்தறியும் நிரல் வேண்டும்; அதன் முடிவைத் தமிழ் தெரிந்தவர் சரிபார்க்கவும் வேண்டும்.

இது தேர்வுக்கூடத்துக்கும் வருகிறது. 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், 'வந்து கொண்டிருந்தான்' என்றால் இரண்டு, 'வந்து கொண்டு இருந்தான்' என்றால் மூன்று. சொல்வரம்பு உள்ள கட்டுரையில் ஒரே கருத்தை எழுதிய இரண்டு மாணவருக்கு வேறுவேறு எண்ணிக்கை வரும். சேர்ப்பதா பிரிப்பதா என்று ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்கள் பேசி ஒரே முறையைப் பின்பற்றினால் மாணவருக்குக் குழப்பம் குறையும்.

அதிகம் வந்தால் சரியாகிவிடுமா?

இதுதான் ஆசிரியர்கள் எழுப்பும் பெரிய தடை. 'நாலு பேர் தப்பா எழுதினா அது சரியாயிடுமா?' நியாயமான கேள்வி.

'சுவற்றில்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆறு என்பது ஆற்றில் ஆகும். சுவர் என்பது சுவரில்தான் ஆகும். ஆனாலும் 'சுவற்றில்' எங்கும் தென்படுகிறது. அடுத்து 'முயற்சித்தான்'. முயல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயரான முயற்சியை மறுபடி வினையாக்குவது தவறு, முயன்றான் என்றே எழுத வேண்டும் என்பது மரபான வாதம். இரண்டுமே பரவலாக வருகின்றன. ஆனால் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எங்கே வருகின்றன என்று பார்க்க வேண்டும். 'சுவற்றில்' பெரும்பாலும் கவனமின்றி எழுதிய இடங்களில் வருவது. செம்மையாக்கம் செய்யப்பட்ட எழுத்தில் 'சுவரில்' இன்னும் நிலையாக நிற்கிறது. 'முயற்சித்தான்' அப்படியில்லை, நாளிதழிலும் கதையிலும் தேர்ந்த கைகளிலும் புழங்குகிறது. ஆகவே முன்னதைத் திருத்தி மதிப்பெண் குறைப்பேன். பின்னதற்குக் குறைக்க மாட்டேன். முறைசார்ந்த எழுத்தில் 'முயன்றான்' சிறந்தது என்று ஓரத்தில் எழுதுவேன்.

எண்ணிக்கை இந்தத் தீர்ப்பைத் தரவில்லை, நான்தான் தந்தேன். ஆனால் எத்தனை முறை, எந்த வகை எழுத்தில், யார் எழுத்தில் என்ற மூன்றையும் கேட்ட பிறகு தந்தேன். அதனால் மாணவர் கேட்டால் என்னால் காரணம் சொல்ல முடியும்.

நம் சொற்களை யார் எண்ணுவது?

இப்போது மூன்றாவது குறை. க்ரியா அகராதி தமிழ்நாட்டு எழுத்தை மையமாகக் கொண்டது. இலங்கை வழக்குக்கும் தனிக் குறிப்போடு இடம் தந்தது. நம் வழக்குக்கு அப்படிப்பட்ட இடம் இல்லை. இங்கே 'பசியாறிட்டீங்களா?' என்றால் காலை உணவைக் கேட்கிறோம். மலாய்ச் சொல்லிலிருந்து வந்த 'கித்தா' தோட்டத்து வாழ்க்கையைப் பேசும் மலேசியக் கதைகளில் வேரூன்றிய சொல். வீவக வீடு, உணவங்காடி நிலையம், பெருவிரைவு ரயில் எல்லாம் சிங்கப்பூரின் அன்றாடச் செய்தித்தமிழ்.

ஒரு சொல் அகராதியில் இல்லாவிட்டால் அது தவறு என்று முடிவுகட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. இனி அந்த வேலையை இயந்திரமும் செய்யும். எழுத்துப்பிழை காட்டும் நிரல், அடுத்த சொல்லைப் பரிந்துரைக்கும் விசைப்பலகை, கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி எல்லாமே திரட்டிய எழுத்திலிருந்து கற்றவை. திரட்டில் இல்லாத சொல்லுக்குச் சிவப்புக் கோடு விழும்; மாணவர் அதை அழித்துவிட்டு வேறு ஊர்ச் சொல்லைப் போடுவார். பாட்டி வீட்டில் பேசிய சொல்லைப் பிழையென்று பேரப்பிள்ளை நம்பத் தொடங்கும்.

இதைத் தடுக்க மூலப்பொருள் இல்லாமலில்லை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இருக்கிறது. 1924 முதல் 2019 வரை வந்த மலேசியாவின் தமிழ் நேசன் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் 2015இல் தமிழ் மின் மரபுடைமைத் திட்டத்தின்வழி மின்வடிவம் பெற்றன. இவற்றைத் தேடிப் படிக்கிறோம்; சொல் சொல்லாக எண்ணிப் பார்க்கும் வேலை வகுப்பறைப் பக்கம் வரவேயில்லை.

வகுப்பில் செய்யக்கூடியது

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளூர் நாளிதழ்ச் செய்திகள் இருபதைத் தேர்ந்தெடுங்கள். ஐயத்துக்குரிய ஒரு சொல்லைக் கொடுத்து, மாணவர்களை மூன்று பத்தி உள்ள அட்டவணை நிரப்பச் சொல்லுங்கள்: சொல் வந்த வாக்கியம், அதன் அக்கம்பக்கச் சொற்கள், எழுத்தின் வகை. ஒரு பாடவேளை போதும். இருபது செய்தியை வைத்து மொழி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒன்று. புதுச்சொல்லைக் குறிப்பேட்டில் தனியாக எழுதாதீர்கள். அது வந்த முழு வாக்கியத்தோடு எழுதுங்கள், எங்கே படித்தீர்கள் என்றும் குறியுங்கள். தேர்வறையில் சொல்லோடு அதன் துணையும் நினைவுக்கு வரும். உங்கள் சொல்லை ஆசிரியர் சுழித்துவிட்டால் அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சான்றோடு வருகிற மாணவரிடம் ஆசிரியரும் சான்றோடுதான் பேச வேண்டியிருக்கும்.